கலர் பென்சில் ஓவியம் ஏன் வெளிறுகிறது? பென்சில், காகிதம், வரையும் முறை: ஒரு விளக்கம்

பல வருடம் சுவரில் மாட்டியிருந்த ஒரு கலர் பென்சில் ஓவியத்தை ஃபிரேமிலிருந்து கழற்றினால், ஓரத்தில் ஒரு விஷயம் கண்ணில் படும். ஓவியத்தைச் சுற்றி வைத்திருந்த மவுன்ட் அட்டைக்கு அடியில், வெளிச்சமே படாத மெல்லிய பட்டை ஒன்று நாலு பக்கமும் ஓடும். அந்தப் பட்டையில் ஊதா ஊதாவாகவே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி, வெளிச்சம் பட்ட இடத்தில் அதே ஊதா சாம்பல் பூத்த நீலமாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை ஓவியம் மாறிவிட்டது என்பதே தெரியாது. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் வெளிறல் பிடிபடுவதில்லை.

இதைப் பார்த்ததும் வரைந்தவர் கேட்பது ஒன்றுதான்: விலை அதிகமான பென்சில்தானே வாங்கினேன், அது எப்படி வெளிறும்? பென்சில் பெட்டிகளில் நட்சத்திரம், ரோமன் எண், 8 வரை போகும் எண், ஆர்ட்டிஸ்ட் கிரேடு என்ற சொல் என்று விதவிதமான குறிகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று பெட்டியில் எழுதியிருக்காது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியைப் பார்த்து வாங்குவதை விட்டுவிட்டு, பென்சில் பென்சிலாகப் பார்க்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் ஒரு தலைமுறை தாண்டியும் நிற்கும் பழுப்பும், ஜன்னலோரத்தில் சில மாதங்களில் காணாமல் போகும் இளஞ்சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பென்சிலுக்குள் என்ன இருக்கிறது

சாதாரண பென்சிலின் உள்தண்டு கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சூளையில் சுட்டது. கலர் பென்சிலின் தண்டைச் சுட முடியாது. சுட்டால் மெழுகு உருகிவிடும், பல நிறங்கள் கருகிவிடும். அதனால் மாவு போலப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் துளை வழியே தள்ளி, உலர்த்தி எடுக்கிறார்கள். அதில் மூன்று வகைப் பொருட்கள் இருக்கும்.

1. நிறம் தரும் பொருள். இது நிறமியாக இருக்கலாம், சாயமாகவும் இருக்கலாம். நிறமி என்பது கரையாத நுண்துகள். சாயம் என்பது கரைந்து ஊறுவது. சாயத்தை ஓர் உலோக உப்போடு சேர்த்துக் கரையாத பொடியாக்கினால் அதற்கு லேக் என்று பெயர். லேக்கையும் நிறமி என்றே எழுதுவார்கள், ஆனால் உள்ளே இருப்பது சாயம்.

2. பிணைப்பான். நிறத்தைக் காகிதத்தில் ஒட்ட வைப்பது. மெழுகு, எண்ணெய், நீரில் கரையும் பசை ஆகியவை.

3. நிரப்பி. கயோலின் என்ற வெள்ளைக் களிமண், டால்க், சுண்ணப் பொடி போன்றவை. விலை குறைந்த பென்சிலில் இதுதான் அதிகம், நிறமி குறைவு.

மெழுகுப் பென்சில் வெளிறும், எண்ணெய்ப் பென்சில் வெளிறாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பெரும்பாலான பென்சில்களில் மெழுகு, எண்ணெய் இரண்டுமே இருக்கும். எது கூடுதலோ அதை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். பென்சில் மென்மையாக ஓடுமா, கூர் நிற்குமா, மேலே வெள்ளை படியுமா என்பதையெல்லாம் பிணைப்பான் தீர்மானிக்கும். நிறம் நிற்குமா போகுமா என்பதைத் தீர்மானிப்பது பட்டியலில் முதலில் இருக்கும் பொருள்தான்.

வெளிச்சம் நிறத்தை எப்படி அழிக்கிறது

ஒரு பொருளுக்கு நிறம் இருக்கிறது என்றால், அதன் மூலக்கூறு வெளிச்சத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது, மீதியைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். உறிஞ்சிய ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வெளியேறிவிடும். எப்போதாவது அது மூலக்கூறின் பிணைப்பை உடைக்கிறது, அல்லது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிய வைக்கிறது. உடைந்த மூலக்கூறு பழைய நிறத்தைக் காட்டாது. இப்படிக் கோடிக்கணக்கில் உடையும்போது நாம் அதை வெளிறல் என்கிறோம்.

1888இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு அறிவியலாளர்கள் வாட்டர்கலர்களை வெளிச்சத்தில் வைத்துச் சோதித்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். வெற்றிடத்தில் வைத்த நிறங்களில் பெரும்பாலானவை அவ்வளவாக மாறவில்லை. காற்றும் ஈரமும் இருந்த இடத்தில் மாறின. வெளிச்சம், ஆக்சிஜன், ஈரப்பதம் மூன்றும் கூட்டாக வேலை செய்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இங்கே நிறமிக்கும் சாயத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகிறது. நிறமித் துகளில் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். மேல் அடுக்கு அடிபட்டாலும் உள்ளே இருப்பது தப்பிக்கும். சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனியாக வெயிலில் நிற்கிறது. எவ்வளவு மெல்லியதாகப் பூசுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் போவதற்கும் இதுவே காரணம். அழுத்தி வரைந்த சிவப்பு நிற்கும்போது, அதே பென்சிலால் காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் இழுத்த மெல்லிய பூச்சு முதலில் மறைந்துவிடுகிறது. வெள்ளை நிறைய கலந்து செய்த வெளிர் நிறப் பென்சில்களும் அதே காரணத்தால் பலவீனமானவை.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும். இடையில் இருட்டில் வைத்தால் நிற்குமே தவிர, திரும்பாது. அருங்காட்சியகங்களில் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சம் வைப்பது வழக்கம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடம் முழுக்க வைத்தால் மொத்தம் 1,46,000 லக்ஸ்-மணி. நேரடி உச்சி வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அப்படியானால் அருங்காட்சியகத்தில் ஒரு வருடம் வாங்கும் வெளிச்சத்தை, வெயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஓவியம் வாங்கிவிடுகிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரின் கூடுதல் சேதம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இளஞ்சிவப்பும் ஊதாவும் ஏன் முதலில் போகின்றன

கலர் பென்சிலில் எந்த நிறம் பலவீனம் என்று கேட்டால், அனுபவம் உள்ளவர்கள் யோசிக்காமல் இளஞ்சிவப்பு, மெஜந்தா, ஊதா என்பார்கள். அது சரிதான். அதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது.

மண் நிறங்களைப் பாருங்கள். காவி, ஓகர், சியன்னா, அம்பர் எல்லாம் இரும்பு ஆக்சைடு. இரும்பு ஏற்கெனவே துருப்பிடித்த நிலையில் இருக்கிறது. ஆக்சிஜன் அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. குகைச் சுவர்களில் ஆயிரக்கணக்கான வருடங்களாக நிற்பது இந்த நிறமும் கரியும்தான். டைட்டானியம் வெள்ளை, கார்பன் கறுப்பு ஆகியவையும் இதே வரிசை. நீலத்துக்கும் பச்சைக்கும் தாலோசயனின் இருக்கிறது. 1935இல் சந்தைக்கு வந்த இந்த நிறமி வெயிலுக்கு அசையாது. 1828இலிருந்து செயற்கையாகத் தயாராகும் அல்ட்ராமரின் நீலமும் வெளிச்சத்தைத் தாங்கும், ஆனால் அமிலம் பட்டால் வெளுக்கும். காகிதத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

பளிச்சென்ற இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் இப்படிக் கைகொடுக்கும் மண்ணோ உலோகமோ அதிகம் இல்லை. ரோடமின், மெத்தில் வயலட் போன்ற சாயங்களிலிருந்து செய்த லேக்குகள் கண்ணைப் பறிக்கும், விலையும் குறைவு, வெயிலில் நிற்காது. 1958இல் விற்பனைக்கு வந்த குவினாக்ரிடோன் வகை நிறமிகள்தான் இந்த இடத்துக்கு நல்ல மாற்று. அவற்றின் விலை அதிகம், ரோடமின் அளவுக்குப் பளிச்சென்றும் இருக்காது. அதனால் சில உற்பத்தியாளர்கள் சில பென்சில்களில் பழைய வழியிலேயே போகிறார்கள். ஒளிரும் நியான் நிறங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: எல்லாமே சாயம், நிரந்தர ஓவியத்துக்கு ஒன்றுகூட வேண்டாம்.

வான் கோ 1888இல் வரைந்த படுக்கையறை ஓவியத்தில் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவரே கடிதத்தில் அவற்றை வெளிர் ஊதா என்று எழுதியிருக்கிறார். ஊதாவில் இருந்த சிவப்பு லேக் போய்விட்டது, நீலம் தங்கிவிட்டது. கலவை நிறம் வெளிறும்போது சமமாக வெளிறாது. பலவீனமானது முதலில் விலகும், மிச்சமிருப்பது வேறு நிறமாகிவிடும்.

முக ஓவியத்தில் இது மனதை வருத்தும். கன்னத்தை எப்படிக் கட்டுகிறோம்? அடியில் ஓகர், அதன் மேல் பழுப்பு, நிழலில் கொஞ்சம் பச்சையோ நீலமோ, கடைசியில் இரத்த ஓட்டம் தெரிய ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு. அந்தக் கடைசிப் பூச்சுதான் முகத்துக்கு உயிர். அதுவே மிக மெல்லியது, அதுவே மிகப் பலவீனமான நிறமி. அது போனதும் அடியில் இருந்த ஓகரும் பச்சையும் வெளியே வரும். சிரித்த குழந்தையின் கன்னம் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். வரைந்த உழைப்பு அப்படியே இருக்கிறது, கோடு ஒன்றுகூட நகரவில்லை, ஆனால் அந்த ஆள் நோயாளியாகிவிட்டார். இருபது மணி நேரம், முப்பது மணி நேரம் உட்கார்ந்து அடுக்கு அடுக்காக வரைகிற ஒரு கலையில் இப்படி நடக்க விடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பெட்டியில் இருக்கும் குறிகளைப் படிப்பது எப்படி

வெளிச்சத்தைத் தாங்கும் திறனை லைட்ஃபாஸ்ட்னெஸ் என்கிறார்கள். அதை அளக்கும் வழிகள் முக்கியமாக மூன்று.

1. ஏஎஸ்டிஎம் டி6901. ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு கலர் பென்சிலுக்கென்றே 2003இல் கொண்டுவந்த தரநிர்ணயம். 1990இல் தொடங்கிய அமெரிக்கக் கலர் பென்சில் சங்கத்தின் உறுப்பினர்கள் தாங்களே பென்சில்களைச் சோதித்து, இதற்காக நெடுநாள் உழைத்தார்கள். இதில் ஐந்து நிலைகள், ரோமன் எண்ணில்: 1 என்றால் மிக நல்லது, 5 என்றால் மிக மோசம். நிற மாற்றத்தைக் கருவியால் அளந்து எண்ணாகச் சொல்வார்கள்; மாற்றம் 4 அலகுக்குள் இருந்தால் முதல் நிலை, 8க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. இந்த இரண்டு நிலைகளில் உள்ளவையே ஓவியத்துக்குத் தகுதி.

2. நீலக் கம்பளி அளவுகோல். துணித் தொழிலிலிருந்து வந்தது. வெவ்வேறு சாயம் ஏற்றிய எட்டு கம்பளித் துண்டுகள். முதலாவது மிக வேகமாக வெளிறும், எட்டாவது மிக மெதுவாக. ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்கும். இங்கே 8தான் நல்லது. தோராயமாக 7, 8 இரண்டும் ஏஎஸ்டிஎம் முதல் நிலைக்குச் சமம், 6 இரண்டாம் நிலைக்குச் சமம்.

3. நிறுவனங்களின் சொந்தக் குறி. நட்சத்திரம், கூட்டல் குறி போன்றவை. ஃபேபர்-காஸ்டெல் நிறுவனத்தின் பாலிக்ரோமோஸ் பென்சில்களில் மூன்று நட்சத்திரம் உச்சம். ஒரு நிறுவனத்தின் நட்சத்திரத்தை இன்னொரு நிறுவனத்தின் நட்சத்திரத்தோடு ஒப்பிட முடியாது.

ஒரு அளவில் 1 நல்லது, மற்றொன்றில் 8 நல்லது. இதைக் குழப்பிக்கொண்டு மோசமான பென்சிலை நல்லது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். எந்த அளவு என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்.

காரன் தாஷ் நிறுவனம் தன் லுமினன்ஸ் 6901 வரிசைக்கு அந்தத் தரநிர்ணயத்தின் எண்ணையே பெயரில் வைத்திருக்கிறது. டெர்வென்ட் நிறுவனம் லைட்ஃபாஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு வரிசை விற்கிறது. வெளிறாமையை முதல் நோக்கமாக வைத்துச் செய்தவை என்பதால் இவற்றில் தேடும் வேலை குறைவு. பாலிக்ரோமோஸ், பிரிஸ்மாகலர் பிரீமியர் போன்ற பெயர் பெற்ற மற்ற வரிசைகளிலும் அருமையான பென்சில்கள் ஏராளம், ஆனால் எல்லா நிறமும் ஒரே தரம் கிடையாது. ஒவ்வொரு நிறத்தின் மதிப்பும் அடங்கிய அட்டவணையை நிறுவனங்கள் வெளியிடுகின்றன. அதை எடுத்து வைத்துக்கொண்டு, பலவீனமான பென்சில்களின் முனையில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டால் வரையும்போது கை தானாக ஒதுங்கும்.

ஆர்ட்டிஸ்ட் கிரேடு, ப்ரொஃபஷனல், பெர்மனென்ட் என்ற சொற்களுக்கு மட்டும் மயங்க வேண்டாம். இவை விற்பனைச் சொற்கள். பெர்மனென்ட் என்பது பல இடங்களில் தண்ணீரில் கரையாது என்ற அர்த்தத்தில்தான் வருகிறது.

ஜன்னல் சோதனை

அட்டவணை கிடைக்காத பென்சிலா? கிடைத்த அட்டவணையில் சந்தேகமா? நீங்களே சோதித்துவிடலாம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, பொறுமை வேண்டும்.

1. அமிலமற்ற வெள்ளைக் காகிதத்தில் ஒவ்வொரு பென்சிலாலும் ஒரு நீளப் பட்டை வரையுங்கள். பட்டையின் ஒரு முனையில் அழுத்தமாகவும் மறுமுனைக்குப் போகப் போக மெல்லியதாகவும் இருக்கட்டும். பெயரும் எண்ணும் கிராஃபைட் பென்சிலால் எழுதுங்கள். பேனா மையே வெளிறிவிடலாம்.

2. பட்டையின் நீளவாக்கில் பாதியை அலுமினியத் தகடு வைத்த அட்டையால் மூடுங்கள். சும்மா காகிதத்தால் மூடினால் வெளிச்சம் ஊடுருவும்.

3. நல்ல வெயில் வரும் ஜன்னலில், கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள்.

4. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு தெரியத் தொடங்கினால் அதுவே தொடக்கம். எந்த மாதம் தெரிந்தது என்று எழுதுங்கள்.

5. நன்றாக நிற்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பென்சிலையும், மோசம் என்று தெரிந்த ஒன்றையும் கூடவே வையுங்கள். வெயில் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்; இந்த இரண்டும்தான் உங்கள் அளவுகோல்.

மூன்று மாதத்தில் கோடு விழுந்த பென்சிலை நிரந்தர ஓவியத்துக்கு எடுக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டியும் மெல்லிய முனைகூட அசையவில்லை என்றால் அதை நம்பலாம். இது தோராயமான சோதனைதான். ஆனால் தன் கையால் வரைந்த மெஜந்தாப் பட்டை பாதி வெள்ளையானதை ஒருமுறை பார்த்தவர்கள் அதற்குப் பிறகு அந்தப் பென்சிலைத் தொடுவதில்லை.

காகிதம்: பாதி ஆயுள் இங்கேதான்

பென்சில் நூறு வருடம் நின்று, காகிதம் இருபது வருடத்தில் பழுத்தால் என்ன பயன்? செய்தித்தாள் சில வாரத்திலேயே மஞ்சளாவது எல்லோரும் பார்த்தது. அதற்குக் காரணம் லிக்னின். மரத்துக்கு விறைப்பு கொடுக்கும் இந்தப் பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகும். இரண்டாவது எதிரி அமிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து காகிதத்தில் மை பரவாமலிருக்கப் படிகாரமும் ரோசின் பிசினும் சேர்த்தார்கள். அது காகிதத்தை அமிலமாக்கியது. அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டும். மடித்தால் முறியும் பழைய புத்தகங்கள் இப்படித்தான் ஆயின. மேலே சொன்ன அல்ட்ராமரின் நீலத்துக்கும் இந்த அமிலம் ஆகாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. பருத்தி 100 சதவீதம் என்றிருந்தால் முதல் தேர்வு. பருத்தியில் லிக்னின் கிட்டத்தட்டக் கிடையாது.

2. மரக்கூழ் என்றால் லிக்னின் நீக்கியது, அமிலமற்றது, கால்சியம் கார்பனேட் சேர்த்தது என்று மூன்றும் இருக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் பின்னாளில் காற்றிலிருந்து வரும் அமிலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அமிலமற்றது என்று மட்டும் எழுதியிருந்தால் இன்று அமிலம் இல்லை என்றுதான் அர்த்தம், நாளைக்கு உத்தரவாதம் இல்லை.

3. ஐஎஸ்ஓ 9706 என்ற குறி நிரந்தரக் காகிதத்துக்கானது. இருந்தால் நல்லது.

4. கண்ணைக் கூச வைக்கும் வெள்ளையில் எச்சரிக்கை. ஆப்டிகல் பிரைட்னர் என்ற பொருள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல வெளிச்சமாக விடுகிறது. அதனால் காகிதம் அதிவெள்ளையாகத் தெரிகிறது. சில வருடத்தில் அது செயலிழந்ததும் காகிதம் மஞ்சள் தட்டும். புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள்: நீலமாக ஒளிர்ந்தால் பிரைட்னர் இருக்கிறது.

நிறக் காகிதம், குறிப்பாகக் கறுப்புக் காகிதம் கலர் பென்சிலில் மிக அழகாக இருக்கும். ஆனால் அதன் நிறமே சாயமாக இருக்கலாம். பின்னணி வெளிறினால் அதன் மேல் வரைந்த ஒளியும் நிழலும் மொத்தமாகக் குலைந்துவிடும். வெளிறாத நிறமியால் செய்தது என்று தயாரிப்பாளர் சொன்னாலொழிய, வெள்ளைப் பருத்திக் காகிதத்தில் பின்னணியை நீங்களே பூசிக்கொள்வது பாதுகாப்பு. காகிதத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் படலம் அமிலமோ மஞ்சளோ ஆகாது. ஆனால் பிடிமானம் குறைவு என்பதால் அடுக்குகள் அதிகம் ஏறாது.

வரையும் முறையில் எங்கே தவறு நடக்கிறது

நல்ல பென்சில், நல்ல காகிதம் இரண்டும் வாங்கிவிட்டு, நடுவில் வேறொன்றைச் சேர்த்துக் கெடுப்பவர்கள் நிறைய. அதில் முதல் குற்றவாளி மார்க்கர். பென்சில் பூச்சுக்கு இடையே காகிதத்தின் வெள்ளைப் புள்ளிகள் தெரியாமலிருக்க அடியில் ஆல்கஹால் மார்க்கர் பூசுவது இப்போது பலரும் செய்வது. வேலை பாதியாகக் குறையும், உண்மைதான். ஆனால் ஆல்கஹால் மார்க்கர்களில் இருப்பது பெரும்பாலும் சாயம். அடியில் இருந்தாலும் அது தப்பாது. பென்சில் அடுக்கு ஒளி ஊடுருவும் அடுக்கு. அடித்தளம் வெளிறினால் மேலே இருக்கும் நல்ல நிறமும் வேறாகத் தெரியும். அடிப்பூச்சு வேண்டுமென்றால் நிறமி உள்ள வாட்டர்கலரையோ, தரமான நீரில் கரையும் பென்சிலையோ பயன்படுத்தலாம்.

இரண்டாவது, குழந்தைகளுக்குத் தேய்க்கும் பேபி ஆயில். நிறங்களை வழவழவென்று கலக்கிவிடும் என்பதால் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது கனிம எண்ணெய், உலரவே உலராது. காகித இழைக்குள் பரவி, ஓவியத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை போல வளையம் விடும். வாசலினும் அப்படியே. கரைத்துக் கலக்க வேண்டுமென்றால் வாசனையற்ற மினரல் ஸ்பிரிட் போன்ற முழுதாக ஆவியாகிவிடும் கரைப்பான்தான் சரி. காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள், முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு. நிறமற்ற மெழுகுப் பென்சிலால் தேய்த்துக் கலப்பதில் ஆபத்தில்லை.

மூன்றாவது மெழுகுப் பூப்பு. அழுத்தி வரைந்த அடர் நிறங்களின் மேல் சில வாரத்தில் திராட்சைப் பழத்தின் மேலிருக்கும் வெண்மை போல ஒரு படலம் வரும். நிறம் வெளிறிவிட்டது என்று பதற வேண்டாம், மெழுகு மேலே ஏறி வந்திருக்கிறது. மென்மையான துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். மறுபடி வராமலிருக்க மேலே ஃபிக்ஸேட்டிவ் என்ற பாதுகாப்பு ஸ்ப்ரேயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை தெளிக்கலாம். எண்ணெய் கூடுதலாக உள்ள பென்சில்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

சரி, பலவீனமான ஊதாவை ஒதுக்கிவிட்டால் ஊதாவுக்கு எங்கே போவது? கலந்துகொள்ளலாம். குவினாக்ரிடோன் மெஜந்தாவின் மேல் அல்ட்ராமரின் நீலத்தை மாற்றி மாற்றி நாலைந்து மெல்லிய அடுக்காகப் போட்டால் நல்ல ஊதா வரும். தனிப் பென்சிலின் பளபளப்பு கொஞ்சம் குறையும். ஆனால் மஞ்சள் பூவுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தக் குறை தெரியாது, எதிர் நிறம் அதைத் தூக்கிக் காட்டும். கன்னத்தின் இளஞ்சிவப்புக்கும் அதே வழி: வெளிர் பிங்க் பென்சிலை விட்டுவிட்டு, நல்ல தரமுள்ள சிவப்பை மிக லேசாகப் போட்டு, மேலே வெள்ளையால் தேய்த்து மென்மையாக்குங்கள். நிறமியின் மொத்த அளவு குறைவுதான், அதனால்தான் அதன் தரத்தில் சமரசம் கூடாது.

அப்புறம் கையெழுத்து. முழு ஓவியத்தையும் கவனமாக வரைந்துவிட்டு, கிடைத்த பேனாவால் கையெழுத்துப் போடுகிறார்கள். ஓவியம் நிற்கும், பெயர் மறைந்துவிடும். ஓவியத்தில் பயன்படுத்திய அதே பென்சிலாலோ, நிறமி மை என்று குறித்த பேனாவாலோ போடுங்கள்.

ஃபிக்ஸேட்டிவும் ஃபிரேமும்

புற ஊதாப் பாதுகாப்பு என்று எழுதிய ஸ்ப்ரேயை அடித்துவிட்டால் எந்தப் பென்சிலும் நிற்கும் என்று நம்புவது ஆபத்து. புற ஊதாவைத் தடுப்பது வெளிறலின் வேகத்தைக் குறைக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தை அழிக்கும். அதைத் தடுத்தால் ஓவியத்தையே பார்க்க முடியாது. 99 சதவீதம் புற ஊதாவைத் தடுக்கும் மியூசியம் கண்ணாடிக்கும் இதே எல்லைதான். இவை நல்ல பென்சிலுக்குத் துணை, மோசமான பென்சிலுக்கு மருந்து இல்லை.

ஃபிரேம் செய்பவரிடம் மூன்று விஷயத்தைக் கேளுங்கள். மவுன்ட் அட்டையும் பின் அட்டையும் அமிலமற்றதா? கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? ஒட்டினால் மெழுகு கண்ணாடியில் பதிந்துவிடும், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். எதை வைத்து ஒட்டப் போகிறார்? செலோடேப், மாஸ்கிங் டேப் இரண்டின் பசையும் காகிதத்தைப் பழுப்பாக்கும். கோதுமை மாவுப் பசையும் ஜப்பானியக் காகிதமும்தான் ஓவியப் பாதுகாப்பு நிபுணர்கள் பயன்படுத்தும் முறை, பின்னாளில் ஈரப்படுத்தி எடுத்துவிடலாம்.

மாட்டும் இடம் ஜன்னலுக்கு எதிர்ச்சுவராக இருக்கக் கூடாது, ஈரம் கசியும் சுவராகவும் இருக்கக் கூடாது. ஃபிரேம் போடாமல் வைப்பவற்றுக்குப் பிவிசி உறை வேண்டாம்; அதிலிருந்து கசியும் பொருள் மெழுகை இளக்கும். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை, அல்லது நடுவே கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள் வைத்துக் கிடைமட்டமாக வையுங்கள்.

ஏற்கெனவே வரைந்துவிட்டவற்றுக்கு

இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்பே வரைந்த ஓவியங்கள் எல்லோரிடமும் இருக்கும். வெளிறிய நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. மேலே புது நிறம் பூசினால் வெளிறாத ஓரத்தோடு ஒட்டாது, பெரும்பாலும் திட்டாகத் தெரியும். செய்யக்கூடியது இதுதான்: இன்றைய நிலையிலேயே நல்ல தரத்தில் ஸ்கேன் எடுங்கள், நிறமி மையில் ஒரு பிரின்ட் போட்டு அதைச் சுவரில் மாட்டுங்கள், அசலை இருட்டில் வையுங்கள். வருடத்துக்கு ஒருசில வாரம் அசலை வெளியே எடுத்து ரசிப்பதில் தவறில்லை. மொத்த வெளிச்சம்தான் கணக்கு.

விற்ற ஓவியமாக இருந்தால் வாங்கியவருக்குச் சொல்லிவிடுங்கள். எந்தப் பென்சில்கள், எந்தக் காகிதம், என்ன ஸ்ப்ரே என்பதை ஒரு அமிலமற்ற தாளில் கிராஃபைட் பென்சிலால் எழுதி ஃபிரேமின் பின்னால் உறையில் வைத்தால், பிற்காலத்தில் அதைச் சரிசெய்ய எடுப்பவர் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்காது. புதிய ஓவியங்களுக்கும் அந்தத் தாளை முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்கலாம்: தேதி, பென்சிலின் பெயர், எண், அட்டவணையில் அதன் மதிப்பு.